மிகுரியா ஜப்பானிய மொழி கற்ற வரலாறு

மிகுரியா தெத்சுஜி (1944–2016). யோகோஹாமா நகரில், துறைமுகக் குன்று சர்வதேசப் பள்ளியில் இருபத்தாறு ஆண்டுகள் பஸ் உதவியாளராகவும் கட்டடப் பராமரிப்பாளராகவும் பணிபுரிந்தவர். அதே நகரின் த்சுருமிப் பகுதியில், கப்பல் பட்டறைக்குப் பின்புறத் தெருவில் பிறந்தார். தந்தை ஜப்பானியர், தாய் ஜப்பானியர், இரு வழிப் பாட்டன் பாட்டிமார் நால்வரும் ஜப்பானியரே. இதை இத்தனை விவரமாகச் சொல்ல நேர்வதற்குக் காரணம், அவருடைய பஸ்ஸில் வந்துபோன ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒரு குழந்தைகூட இதை நம்பியதில்லை என்பதே.

இருபது வயதில் சரக்குக் கப்பலொன்றில் சமையல் உதவியாளராகச் சேர்ந்தார். பதினெட்டு ஆண்டுகள் கடலில் கழிந்தன. கப்பலின் தலைமைச் சமையற்காரர் மணிலாக்காரர்; இயந்திரப் பொறியாளர் கிளாஸ்கோக்காரர். முன்னவர் வெங்காயம் நறுக்கும்போது பேசிய ஆங்கிலத்தையும், பின்னவர் சூப்பில் உப்பில்லை என்று வையும்போது பேசிய ஆங்கிலத்தையும் மிகுரியா ஒன்றாகக் கலந்து கற்றுக்கொண்டார். கம்பெனி தன் கப்பல்களை விற்றுவிட்டு அவரைக் கரையில் இறக்கியபோது வயது முப்பத்தெட்டு. அப்போது அவரிடம் இருந்தவை யாசுயோ என்னும் மனைவி, ஒரு சமையற்கத்தி, அந்த ஆங்கிலம் ஆகிய மூன்றே. கத்திக்கு வேலை கிடைக்கவில்லை. ஓராண்டு அலைந்தபின் ஆங்கிலத்துக்குக் கிடைத்தது.

பள்ளியின் தலைமை ஆசிரியை திருமதி ஆஸ்க்யூ. வட இங்கிலாந்துக்காரர், நெட்டையானவர், விதிகளை எழுதுவதிலும், எழுதியவற்றைக் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவதிலும் நிகரற்றவர். அவருடைய பள்ளியில் காலைப் பாடங்கள் ஆங்கிலத்திலும் மதியப் பாடங்கள் ஜப்பானிய மொழியிலும் நடந்தன. அவற்றையெல்லாம் தாங்கி நின்ற தூண் ‘ஒரு முகம், ஒரு மொழி’ என்னும் விதி. எதிரில் நிற்பவருக்கு இரண்டு மொழியும் தெரியும் என்று கண்டுகொண்ட குழந்தை, தனக்கு எளிதான மொழிக்குள் நழுவிவிடும் என்பது அவர் கண்ட உண்மை. ஆகவே ஆங்கிலப் பிரிவினர் நெஞ்சில் நீல வில்லை அணிந்தனர். ஜப்பானியப் பிரிவினர் சிவப்பு வில்லை அணிந்தனர். நீலத்தாருக்கு ஜப்பானிய மொழி தெரியாது. சிவப்பாருக்கு ஆங்கிலம் தெரியாது. தெரிந்தாலும் தெரியாது.

மற்ற மொழி குழந்தைகளின் காதில் விழுந்துவிட்டால் வில்லை பறிபோகும் என்றே எல்லோரும் புரிந்துவைத்திருந்தனர். உடற்பயிற்சி ஆசிரியர் ப்ளவ்ரைட், குண்டு எறிதலுக்கான இரும்புக் குண்டு காலில் விழுந்த வேளையில் ஜப்பானிய மொழியில் தம் தாயை அழைத்தார். மறுநாள் முதல் நூலகத்தின் நிலவறையில் தேசப்படங்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

1983 ஏப்ரலில் மிகுரியாவுக்கு நேர்காணல் நடந்தது. நீலப் பிரிவில்தான் ஆள் தேவைப்பட்டது.

“நாளையிலேருந்து உங்களுக்கு ஜப்பானிய மொழி தெரியாது, மிஸ்டர் மிகுரியா” என்றார் திருமதி ஆஸ்க்யூ.

“கொஞ்சங்கூடவா, மேடம்?”

“ஒரு வார்த்தைகூட.”

“தும்மல் வந்தா?”

“இங்கிலீஷ்ல தும்முங்க.”

சிவப்புப் பிரிவில் கொகுரே அம்மாள் என்னும் பராமரிப்பாளர் ஏற்கெனவே இருந்தார். நிலவறையில் ப்ளவ்ரைட் இருந்தார். மிகுரியாவின் வில்லை போனால் அவருக்குப் போக்கிடம் வீடு ஒன்றுதான். வீட்டிலும் யாசுயோ ஓராண்டாக அவருடைய முகத்தைப் பகலெல்லாம் பார்த்துச் சலித்திருந்தார். எனவே மிகுரியா வில்லையை இறுகக் குத்திக்கொண்டார்.

குழந்தைகள் அவரை ‘மிக்’ என்றனர். முகத்தைப் பார்த்தால் ஜப்பானியர். ஆனால் அந்த மொழி தெரியவில்லை. எந்த ஊர் என்று கேட்டபோது, பொய் சொல்ல விரும்பாமல், “கப்பல்லேருந்து வந்தேன்” என்று ஆங்கிலத்தில் உண்மையைச் சொன்னார். கப்பல் என்பது ஒரு நாடு என்று குழந்தைகள் முடிவு செய்தனர். அந்த நாட்டில் பள்ளிக்கூடம் இல்லை என்றும், எல்லோரும் வெங்காயம் நறுக்குவார்கள் என்றும் பின்னர் சேர்த்துக்கொண்டனர்.

பஸ்ஸில் அவருக்கு நல்ல மதிப்பு இருந்தது. குழந்தைகள் அவரிடம் ஆங்கிலத்தில் பேசவேண்டும். தங்களுக்குள் எதிலும் பேசலாம். மிக்குக்குத்தான் ஒன்றும் புரியாதே என்ற தைரியத்தில் அவருடைய முழங்காலுக்கு அருகிலேயே உட்கார்ந்து ஜப்பானிய மொழியில் சதி செய்வர். ஓட்டுநரின் தொப்பியை ஒளித்துவைக்கத் திட்டமிட்ட நாளில் தொப்பி மிக்கின் தொடைக்கு அடியில் இருக்கும். கம்பளிப்பூச்சி கொண்டுவந்த பையன் பெட்டியைத் திறக்கும் முன்பே மிக் ஜன்னலைத் திறந்து வைத்திருப்பார். கப்பல் நாட்டாருக்கு மோப்ப சக்தி அதிகம் என்று முதல் வகுப்பினருக்கு இரண்டாம் வகுப்பினர் சொல்லிக்கொடுத்தனர்.

பள்ளிக்கு வெளியில்தான் தொல்லை. நெகிஷியில் அவருடைய வீட்டுக்குப் பக்கத்திலேயே பள்ளிக் குழந்தைகள் சிலர் குடியிருந்தனர். ஒரு ஞாயிற்றுக்கிழமை உனோசாவாவின் மீன்கடையில், கானாங்கெளுத்தியின் கண் மங்கியிருக்கிறது என்று துறைமுகத்து ஜப்பானிய மொழியில் மிகுரியா வாதாடிக்கொண்டிருந்தார். திடீரென்று தாயின் கையைப் பிடித்தபடி இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று உள்ளே வந்தது. மிகுரியா வாக்கியத்தின் நடுவில் நின்றார். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. பின்னர் மீனைச் சுட்டி, “ஆ... ஃபிஷ்” என்றார்.

உனோசாவா நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். தம் மாமாவுக்குப் பக்கவாதம் வந்ததை நேரில் கண்டவர்.

“அண்ணே! வாய் கோணுது! பேச்சு குழறுது! யாராச்சும் ஓடி வாங்க!” என்று கூவி, மிகுரியாவைத் தூக்கி ஐஸ் பெட்டியின் மேல் உட்காரவைத்து, தலையில் ஒரு கூடை ஐஸைக் கொட்டினார். குழந்தை போகும் வரை மிகுரியா வாய் திறக்கவில்லை. போனபின் திறந்து சொன்னவற்றை எழுத இயலாது. ஆனால் அவ்வளவு தெளிவாகத் திட்டு வந்ததைத் தம்முடைய ஐஸ் வைத்தியத்தின் பலன் என்று உனோசாவா எடுத்துக்கொண்டார்.

இவ்வாறு ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. 1992 ஏப்ரலில் மூன்றாம் வகுப்பின் ஜப்பானியப் பிரிவு ஆசிரியை இசோகாய், ‘தெரியாத ஒருவருக்குத் தெரிந்த ஒன்றைக் கற்பித்தல்’ என்பதைப் பள்ளி முழுவதற்குமான அவ்வாண்டின் செயல்திட்டப் போட்டியாக அறிவித்தார். பிற வகுப்பினர் தம்பிக்கு மிதிவண்டி, தாத்தாவுக்கு வீடியோ விளையாட்டு என்று எழுதிக்கொடுத்தனர். மூன்றாம் வகுப்பில் நோதோகா என்றொரு சிறுமி இருந்தாள். எட்டு வயது. இரட்டைச் சடை, சடையைவிட இறுக்கமான குணம்.

“மிக் சாருக்கு ஜப்பானிய மொழி சொல்லிக்குடுப்போம். பாவம், ஒம்பது வருஷமா இங்க இருக்காரு, ‘காலை வணக்கம்’கூட வரல. கடையில போய் மீன் வாங்கத் தெரியல. மயக்கம் போட்டு விழுந்துட்டாராம்” என்றாள் அவள்.

வகுப்பு முழுவதும் கண்கலங்கி ஒப்புக்கொண்டது.

செய்தி கேட்ட மிகுரியா தலைமை ஆசிரியையின் அறைக்கு ஓடினார். திருமதி ஆஸ்க்யூ கூரையைப் பார்த்தபடி பதில் சொன்னார்.

“தடுக்க முடியாது. குழந்தைங்க மொழிய ஆசையாப் பேசறாங்க. இதத்தான் பதினஞ்சு வருஷமா கேட்டுட்டிருக்கேன். கத்துக்கறவன் தப்புத் தப்பாப் பேசினா அது விதிய மீறினதாகாது. ஆனா ஒண்ணு. உண்மையில உங்களுக்குத் தெரியும்ங்கறது வெளிய வந்தா, என்னால காப்பாத்த முடியாது. விதி எனக்கும் சேர்த்துத்தான்.”

“நான் என்ன செய்யணும், மேடம்?”

“தெரியாம இருங்க. ஒழுங்காத் தெரியாம இருங்க.”

ஒழுங்காகத் தெரியாமல் இருப்பது கடினம் என்பது மிகுரியாவுக்கு முதல் வாரத்திலேயே விளங்கிவிட்டது. விரைவாகக் கற்றால் சந்தேகம் வரும். மெதுவாகக் கற்றால் நோதோகாவின் கோபம் வரும். அவர் ஒரு குறிப்பேடு வாங்கி, ‘மறதி அட்டவணை’ என்று தலைப்பிட்டு, எந்த வாரம் எத்தனை எழுத்து தெரியவேண்டும், அவற்றுள் எவை மறக்கவேண்டும் என்று கோடு போட்டு எழுதிக்கொண்டார். இரவு உணவுக்குமுன் யாசுயோ அதைச் சரிபார்ப்பார்.

“என்னங்க, போன புதன்கிழமை ‘நாய்’ தெரிஞ்சிருக்கு, ‘பூனை’ தெரியல. இன்னிக்கு என்ன சொன்னீங்க?”

“பூனைய நாய்னு சொன்னேன்.”

“ரெண்டு வாரமா அதே தப்பா? உங்கள மந்தம்னு நெனச்சுக்கப் போறாங்க. நாளைக்குக் குதிரைய நாய்னு சொல்லுங்க.”

பாடம் மாலை பஸ்ஸில் நடந்தது. நோதோகா எழுத்தட்டைகளைத் தூக்கிப் பிடிப்பாள். ஃபீலிக்ஸ் என்னும் பையன், தந்தை ஜெர்மானியர், தாய் சென்டாய் நகரத்து ஜப்பானியர், உதவி ஆசிரியன். மற்றவர்கள் சரியான விடைக்குக் கைதட்டுவர். தவறான விடைக்குப் பெருமூச்சு விடுவர்.

“மிக் சார், இது என்ன, கோழி கிண்டி வெச்ச மாதிரி? இந்தக் கோடு முதல்ல, அந்தக் கோடு அப்புறம். பத்து தடவ எழுதிட்டு வாங்க.”

“நோதோகா, அவருக்குப் புரியாது. நீ ஜப்பானிய மொழில திட்டற” என்றான் ஃபீலிக்ஸ்.

“திட்டறது எல்லா மொழிலயும் புரியும். பாரு, முகம் சிவக்குது.”

முகம் சிவந்ததற்குக் காரணம் வேறு. அந்த எழுத்தின் கோடுகளை அவர் நாற்பது ஆண்டுகளாகத் தவறான வரிசையில்தான் போட்டுவந்திருக்கிறார். அன்றிரவு வீட்டில் சொன்னார். யாசுயோ சிரித்துவிட்டுத் தாமும் எழுதிக் காட்டினார். அதுவும் தவறு. இருவரும் ஆளுக்குப் பத்து முறை எழுதினர். மறுநாள் அத்தாளில் நோதோகா சிவப்பு மையால் பூப்போட்ட வட்டம் வரைந்து கொடுத்தாள். யாசுயோ தம் தாளுக்கும் வட்டம் வாங்கிவரச் சொல்லியிருந்தார், அதற்கு வழியில்லாமற்போயிற்று.

செப்டம்பரில், ‘வெளிநாட்டாருக்கான ஜப்பானிய மொழிப் பேச்சுப் போட்டி’ என்ற துண்டறிக்கை நோதோகாவின் கையில் கிடைத்தது. வட்டார நட்புறவுக் கழகம் நடத்துவது. அவள் யாரையும் கேட்கவில்லை. விண்ணப்பத்தை வகுப்பே கூடி நிரப்பியது. பெயர்: மிக். நாடு: கப்பல். வயது: நிறைய. ஜப்பானிய மொழி கற்ற காலம்: ஆறு மாதம், ஆசிரியர் நோதோகா. இசோகாய் ஆசிரியை விடுப்பில் இருந்த நாளில் பள்ளி உறையில் போட்டு அனுப்பிவிட்டார்கள். ஏற்புக் கடிதம் வந்தபின்னரே மிகுரியாவுக்குத் தெரிந்தது. அதற்குள் பத்தொன்பது குழந்தைகளும் தம் பெற்றோருக்குச் சொல்லியிருந்தனர்; அவருடைய பெயர் எழுதி நெற்றியில் கட்டிக்கொள்ளும் தலைக்கட்டுகளும் தைத்திருந்தனர்.

சிவப்புப் பிரிவுக் கொகுரே அம்மாள் விளக்குமாற்றைச் சாய்த்துவைத்துவிட்டுச் சிரித்தார்.

“த்சுருமியில பொறந்துட்டு வெளிநாட்டுக்காரன் போட்டிக்கா? பரிசு குடுத்தா விசாவும் சேர்த்துக் கேளு, மிகுரியா.”

“சிரிக்காதீங்கக்கா. பேர எடுத்துட வழியிருக்கான்னு போய்ப் பாக்கறேன்.”

சனிக்கிழமை அவர் ரகசியமாகக் கழக அலுவலகத்துக்குப் போனார், பெயரை நீக்கிவிடலாம் என்று. மேசைக்குப் பின்னால் இருந்தவர் சராஷினா. ஒவ்வொரு கோடையிலும் தெருத் திருவிழாவில் மிகுரியாவோடு ஒரே கட்டையைத் தோளில் வைத்துச் சப்பரம் சுமப்பவர். மிகுரியா ஏற்புக் கடிதத்தை அவரிடம் நீட்டினார்.

“அட, அந்தக் கப்பல் நாட்டுக்காரர் நீங்கதானா? மூணு நாளா உலகப் படத்துல தேடிட்டிருக்கேன்! பசிஃபிக்ல இருக்கற ஏதோ தீவுன்னு நெனச்சு அடிக்கோடு வேற போட்டேன்!”

மிகுரியா எல்லாவற்றையும் சொன்னார். சராஷினா கண்ணீர் வரச் சிரித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்து, விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

“விலகினா வம்பு. மேடையில ஆறு பேர் பேசணும். உங்களச் சேர்த்துத்தான் ஆறு. நீங்க போனா போட்டியே இல்ல. அயர்லாந்து கன்னியாஸ்திரி ஒருத்தங்க எட்டு வருஷமா இதுக்குக் காத்திட்டிருக்காங்க.”

“அதுக்காக ஏமாத்தச் சொல்றீங்களா?”

“சே, சே. ஆறு பேர் பேசணும்னுதான் விதி. ஆறு பேருக்கும் மதிப்பெண் போடணும்னு எங்கயும் இல்ல. ‘பரிசுக்கு அப்பாற்பட்ட சிறப்புப் பேச்சாளர்’னு அச்சடிச்சுடறேன். ஏமாத்தினதாவும் ஆகாது. நான் வாயத் தொறக்க மாட்டேன், நீங்களும் ரொம்பத் தொறக்காதீங்க.”

நவம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. கழக அரங்கில் இருநூறு நாற்காலிகள் நிறைந்திருந்தன. முன் வரிசையில் பத்தொன்பது தலைக்கட்டுகள். நான்காம் வரிசையில் திருமதி ஆஸ்க்யூ, கைப்பையை இரு கைகளாலும் பற்றியபடி. பெரு நாட்டுப் பற்றவைப்புத் தொழிலாளி ஒருவர் இரும்பைப் பற்றிப் பேசி அனைவரையும் அழவைத்தார். கன்னியாஸ்திரியின் ஜப்பானிய மொழி அரண்மனையில் பேசத்தக்கதாயிருந்தது. ஆறாவதாக மிக் அழைக்கப்பட்டார்.

பேச்சில் மொத்தம் பதினோரு வாக்கியங்கள். எழுதியவள் நோதோகா, ஆகவே மூன்று வாக்கியங்கள் நோதோகா நல்ல ஆசிரியை என்பதைப் பற்றியவை. நான்காவதிலும் ஏழாவதிலும் எந்த இடத்தில் தடுமாறவேண்டும் என்பதை மிகுரியா அட்டவணையில் குறித்திருந்தார். எல்லாம் ஏற்பாட்டின்படியே இருந்தது. ஒன்றைத்தான் அவர் எண்ணிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் ஒற்றைச் சொற்களை உளறியதல்லாமல், குழந்தைகள் எதிரில் அவர் ஒரு முழு ஜப்பானிய வாக்கியத்தைச் சொல்லி ஒன்பதரை ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஒலிவாங்கியின் முன் நின்றார். பத்தொன்பது முகங்களையும் பார்த்தார். தொண்டை பூட்டிக்கொண்டது. தும்மலைக்கூட ஆங்கிலத்தில் தும்மப் பழகிய உடம்பு, வாயைத் திறக்க மறுத்தது. அவர் மெய்யாகவே முயன்றார். உதடு ஒரு பக்கம் போயிற்று. நாக்கு மறுபக்கம் போயிற்று. வியர்வை வழிந்தது.

“மிக் சார்! ‘என் பெயர்’! ‘என் பெயர்’!” என்று நோதோகா அடித்தொண்டையில் எடுத்துக்கொடுத்தாள்.

“எ... எ... எ...” என்றார் மிகுரியா.

அந்த நேரத்தில்தான், விழா முடிந்தபின் விருந்துக்குரிய மீன் தட்டுகளோடும் தோளில் தொங்கிய ஐஸ் பெட்டியோடும் உனோசாவா பின்கதவு வழியாக அரங்கில் நுழைந்தார். மேடையைப் பார்த்தார். தட்டுகளை அருகிலிருந்தவர் மடியில் வைத்தார்.

“மறுபடியும் வந்துடுச்சு! தள்ளுங்க, தள்ளுங்க! யாரும் பயப்படாதீங்க, எனக்கு அனுபவம் இருக்கு!”

யாரும் தடுக்கும்முன் மேடையில் ஏறிவிட்டார். மிகுரியாவை மல்லாக்கப் படுக்கவைத்தார். இடுப்பு வாரை அவிழ்த்தார். தோளில் தொங்கிய பெட்டியிலிருந்து ஐஸை இரு கையாலும் அள்ளிச் சட்டைக்குள் கொட்டினார். பூட்டு உடைந்தது.

“டேய் உனோசாவா! எடுடா கைய! பக்கவாதம் இல்லன்னு எத்தன தடவ சொல்றது, மண்டையில ஏறவே ஏறாதா? சட்டைக்குள்ள ஐஸக் கொட்டற, நான் என்ன உன் கடை சூரை மீனா? பெல்ட்ட விடுறா! இருநூறு பேரு பாக்கறாங்கடா! மீன் வெட்டற கையோட மனுசன உருட்டாதடா, நாத்தம் புடிச்சவனே!”

த்சுருமித் துறைமுகத்துச் சுமைதூக்கிகளின் ஜப்பானிய மொழி, ஒரு பிசிறும் இல்லாமல், ஒலிவாங்கியின் வழியாக அரங்கின் கடைசி வரிசை வரை போயிற்று. கன்னியாஸ்திரி சிறு குறிப்பேட்டை எடுத்து இரண்டு சொற்களை எழுதிக்கொண்டார்.

மிகுரியா எழுந்து உட்கார்ந்தார். ஒரு கையில் இடுப்பு வார். நான்காம் வரிசையில் திருமதி ஆஸ்க்யூ கண்களை மூடியிருந்தார். எல்லாம் முடிந்தது என்று மிகுரியாவுக்குத் தெரிந்தது. நெஞ்சிலிருந்த நீல வில்லையைக் கழற்றினார். முடிந்ததென்றால் ஒழுங்காகவே முடியட்டும் என்று, குழந்தைகளைப் பார்த்து ஜப்பானிய மொழியிலேயே பேசினார்.

“கண்ணுங்களா, மன்னிச்சுக்குங்க. என் பேரு மிகுரியா தெத்சுஜி. நான் த்சுருமியில பொறந்தேன். ஜப்பான்காரன்தான். பொறந்ததுலேருந்து எனக்கு இந்த மொழி தெரியும். உங்ககிட்ட மறைச்சுட்டேன்.”

பத்தொன்பது வாய்களும் திறந்தபடி இருந்தன. முதலில் எழுந்தவள் நோதோகா. அவள் முகம் வெளுத்திருந்தது, பின்னர் சிவந்தது, பின்னர் அவள் நாற்காலியின் மேல் ஏறி நின்றாள்.

“கேட்டீங்களா? கேட்டீங்களா எல்லாரும்? பதினோரு வாக்கியம் சொல்லிக்குடுத்தோம், இருவது வாக்கியம் பேசிட்டாரு! தானா பேசிட்டாரு!”

அரங்கம் அதிர்ந்தது. குழந்தைகள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்தனர்.

“இல்லம்மா, நான் நிஜமாவே த்சுருமியில...” என்றார் மிகுரியா.

“அது ரெண்டாம் பாடம்! ‘நான் இங்கே பிறந்தேன்’ பாடம்! புத்தகத்துல ஓசாகான்னு இருக்கு, இவரு சொந்தமா த்சுருமின்னு மாத்திப் போட்டுட்டாரு!” என்று நோதோகா கூட்டத்துக்கு விளக்கினாள். அவள் குரல் பெருமையில் உடைந்தது.

“முன்னால பேசின கெட்ட வார்த்தையெல்லாம் நான் சொல்லிக்குடுத்தது” என்று ஃபீலிக்ஸ் தன்னடக்கத்தோடு சொன்னான்.

“நீயா? எப்ப?”

“கடைசி சீட்டுல. நீ இல்லாதப்ப.”

அது பொய். ஃபீலிக்ஸுக்கு அவற்றில் பாதியின் பொருள் அன்றுவரை தெரியாது. ஆனால் புகழில் பங்கு கிடைக்கும் வாய்ப்பை அவன் விடுவதாயில்லை. பெற்றோர்கள் எழுந்து நின்று கைதட்டினர். என்ன நடக்கிறதென்று அறியாத உனோசாவாவும் தாம் ஓர் உயிரைக் காப்பாற்றியதற்காக இரு பக்கமும் திரும்பி வணங்கினார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மிகுரியா தலைமை ஆசிரியையின் மேசைமேல் வில்லையை வைத்தார். இரவு முழுவதும் அவரும் யாசுயோவும் தூங்கவில்லை. யாசுயோ, மறுபடி சமையல் வேலை தேட நேர்ந்தால் இருக்கட்டும் என்று, சமையற்கத்தியைத் தீட்டிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்திருந்தார்.

“விதி விதிதானே, மேடம். ப்ளவ்ரைட்டுக்கு ஒரு வார்த்தை. எனக்கு எவ்வளவுன்னு எனக்கே தெரியல.”

“உட்காருங்க” என்றார் திருமதி ஆஸ்க்யூ. அவர் சுவரிலிருந்து கண்ணாடிச் சட்டத்தையே கழற்றி மேசைமேல் வைத்திருந்தார். “நான் எழுதினத நானே திருப்பிப் படிச்சேன். ‘குழந்தை அவரிடம் மற்ற மொழியில் பேசத் தலைப்பட்டால் வில்லை பறிக்கப்படும்.’ அதாவது, தீர்ப்பு நீங்க பேசினதுல இல்ல. அவங்க என்ன செய்யப் போறாங்கங்கறதுல இருக்கு. ப்ளவ்ரைட் கத்தின மறுநாளே அவரோட வகுப்பு மொத்தமும் அவர்கிட்ட ஜப்பானிய மொழில பேச ஆரம்பிச்சிடுச்சு.”

நோதோகாவும் ஃபீலிக்ஸும் அழைக்கப்பட்டனர். திருமதி ஆஸ்க்யூ மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கி, ஆங்கிலத்தில் கேட்டார்.

“மிஸ்டர் மிக் நேத்து நல்லாப் பேசினார் இல்லையா?”

“ரொம்ப நல்லா, மேடம்.”

“இனிமே அவர்கிட்ட எந்த மொழில பேசுவீங்க?”

மிகுரியா மடியிலிருந்த காகிதப் பொட்டலத்தை இறுகப் பிடித்தார். நோதோகா, இவ்வளவு எளிய கேள்வியை ஏன் கேட்கிறார்கள் என்பதுபோல் பார்த்தாள்.

“இங்கிலீஷ்லதான்.”

“ஏன்?”

“அவரால தாங்க முடியாது, மேடம். நேத்து பாத்தீங்கல்ல? ஒரு வார்த்தைக்கே எப்படி வேர்த்துச்சு! படுக்கவெச்சு ஐஸ் போட்டப்புறம்தான் பேச்சு வந்துச்சு. தெனமும் ஐஸுக்கு எங்க போறது?”

“கடைசில குழம்பிட்டாரு வேற. தான் ஜப்பான்காரர்னே சொல்ல ஆரம்பிச்சுட்டாரு. ஓவராப் படிச்சா அப்படி ஆகும்னு அம்மா சொன்னாங்க” என்றான் ஃபீலிக்ஸ்.

“கொஞ்ச நாளைக்கு ரெஸ்ட் குடுக்கணும், மேடம். இங்கிலீஷ்லயே பேசட்டும், பாவம்” என்று நோதோகா முடித்தாள். பின்னர் மிகுரியாவின் தோளைத் தட்டி, ஆங்கிலத்தில், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, “நல்லாச் செஞ்சீங்க, மிக் சார்” என்றாள்.

குழந்தைகள் வெளியேறினர். திருமதி ஆஸ்க்யூ கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டிருந்தார், தோள்கள் குலுங்கின. பின்னர் எழுந்து வந்து நீல வில்லையைத் தம் கையாலேயே மிகுரியாவின் நெஞ்சில் குத்தினார். ஊசி சற்று ஆழமாக இறங்கியது. மிகுரியா ஆங்கிலத்தில் அலறினார்.

“பாத்தீங்களா, தகுதியானவர்தான்” என்றார் தலைமை ஆசிரியை.

செயல்திட்டத்தில் மூன்றாம் வகுப்பு முதலிடம் பெற்றது. அதுவே மிகுரியாவுக்கு வினையாயிற்று. மறு ஏப்ரலில் புதிய மூன்றாம் வகுப்பினர் தாமும் அவருக்குக் கற்பிக்கவேண்டும் என்றனர். போன ஆண்டே கற்றுவிட்டாரே என்று இசோகாய் ஆசிரியை சொன்னதற்கு, நான்காம் வகுப்புக்குப் போயிருந்த நோதோகா, குளிர்கால விடுமுறையும் வசந்தகால விடுமுறையும் வந்துபோய்விட்டதால் அவர் எல்லாவற்றையும் மறந்திருப்பார் என்று சான்றளித்தாள். சோதித்துப் பார்த்தனர். அவர் குதிரையை நாய் என்றார். பள்ளி அதையே ஆண்டுதோறும் நடக்கும் வழக்கமாக்கிக்கொண்டது. அவருக்காகத் தனியாக ஒரு பாடநூலே பின்னர் உருவாயிற்று. அதன் இரண்டாம் பாடத்தில் ‘நான் த்சுருமியில் பிறந்தேன்’ என்ற வாக்கியம் இருந்தது.

பணி ஓய்வு பெறும்வரை வில்லை நீலமாகவே இருந்தது. மறதி அட்டவணைகள் பதினேழு குறிப்பேடுகளாயின. யாசுயோ அவற்றை ஆண்டு வாரியாக அடுக்கி வைத்தார். மூன்றாம் வகுப்பினர் பதினேழு தொகுதிகள் ஆண்டுக்கொன்றாக வந்து, அவருக்கு ‘காலை வணக்கம்’ முதல் கற்றுக்கொடுத்து, அவரால் தாங்க முடியாதென்று கண்டு, ஆங்கிலத்துக்கே திரும்பிப் போயினர்.

மிகுரியா தெத்சுஜி கடைசியாக ஜப்பானிய மொழியைக் கற்று முடித்தது 2009 மார்ச் 13, வெள்ளிக்கிழமை.